ஆதாரம்: நேரில் கண்டது

"அம்மா," என்று உள்ளறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"ம்," என்றாள் அவள், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணவன் போனதிலிருந்து அந்த ஒரு "ம்"மை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வரலாறு நடத்தினாள், சமைத்தாள், துக்கம் கேட்க வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினாள். எதுவும் மனதில் ஒட்டவில்லை. அழுகைகூட வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல நாட்கள் நகர்ந்தன.

வகுப்பு வலைப்பூவில் மாணவர்கள் 'எங்கள் வீட்டின் வரலாறு' எழுதியிருந்தார்கள். அவள் 'சரி' அழுத்தினால்தான் பதிவு வெளியாகும். முன்பெல்லாம் ஒரு தேதி பிசகினாலும் விடமாட்டாள். மேடம் காதுல பூ சுத்த முடியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். இப்போது படிக்காமலே தட்டிக்கொண்டு போனாள். வெளியே மாலை மழை பெய்துகொண்டிருந்தது. கொடியில் காயாத துணியின் வாடையும், சமையலறைக் குழாயின் சொட்டும், காய்ச்சலில் படுத்திருந்த மகளின் இருமலும் அடுத்த வீட்டில் நடப்பவைபோல அவளை வந்து தொட்டுவிட்டுப் போயின.

"அம்மா."

"ம்."

எல்லாவற்றுக்கும் சரி போட்டு முடித்ததும் போன் அடித்தது. வகுப்பு லீடர்.

"மேம், கடைசிப் பதிவு யாரோடதுன்னு தெரியல. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். யாரும் எழுதலையாம்."

"அப்ப அழிச்சிடு."

"அழிக்க முடியாதே மேம். நடந்தத அழிக்கக் கூடாது, கீழ திருத்தம்தான் எழுதணும், அதுவும் ஆதாரத்தோடன்னு நீங்கதானே அப்படி வைக்கச் சொன்னீங்க?" லீடர் தயங்கினாள். "மேம்... அது உங்க வீடு மாதிரி இருக்கு."

போனை வைத்துவிட்டுப் படித்தாள்.

'அந்த வீட்டின் கூடத்தில் ஒரு மேசை இருந்தது. இறந்துபோன கணவரின் மூக்குக்கண்ணாடி, எடுத்துவைக்க ஆளில்லாமல் அதன்மேல் கிடந்தது.'

அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

'காய்ச்சலில் இருந்த மகள் இரண்டு முறை கூப்பிட்டாள். தாய் "ம்" என்றார். மூன்றாவது முறை கூப்பிட்டது மகள் அல்ல. அப்போதும் தாய் "ம்" என்றார். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததற்கு ஆதாரம் இல்லை. அதன்பின் அந்த மகளை யாரும் பார்க்கவில்லை.'

குழாய்ச் சொட்டு நின்றிருந்தது. இருமலும் கேட்கவில்லை.

"அம்மா."

அதே குரல். அதே இழுப்பு. முன்பு கூப்பிட்டதை அப்படியே எடுத்து வைத்ததுபோல.

மாதக்கணக்கில் எதற்கும் அசையாதவள் நிமிர்ந்தாள். பயந்தாள். "ம்" என்று எழும்பிய சத்தத்தை உதட்டைக் கடித்து நிறுத்தினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். எழுந்துவிட்டேன். பதிவு தப்பு. மகளைக் கண்ணால் பார்க்க வேண்டும், வந்து திருத்தம் எழுத வேண்டும். மகள் இருக்கிறாள். ஆதாரம்: நேரில் கண்டது. அவ்வளவுதான்.

கூடம் நீண்டுகொண்டே போனது. தரை சில்லிட்டது. கதவைத் தள்ளினாள்.

மகள் இருந்தாள்.

கட்டில் மூலையில், சுவரோடு ஒட்டி. இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. கண் அம்மாவைப் பார்க்கவில்லை. பீரோவின் உச்சியைப் பார்த்தது.

"அம்மா," என்றது பீரோவின் மேலிருந்து.

மகளை வாரி எடுக்க ஓடினாள். கை எட்டவில்லை. இன்னும் ஒரு அடி.

அவளுக்குப் பின்னால், கூடத்தில், அவள் விட்டு வந்த நாற்காலி கிறீச்சிட்டது.

"ம்," என்றது அவளுடைய குரல்.


பிறகு, மறுபடி 'சரி' அழுத்தும் சத்தம்.