சின்னவன் தேடுகிற முறை

அலமாரிக் கதவு மறுபடியும் திறந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியவள்தான் அதைச் சாத்தினாள், கொண்டியும் போட்டாள். அப்பா பஸ் ஓட்டக் கிளம்பிப் போய், வாசல் கேட் கிறீச்சிட்டு அடங்கி, சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்த மங்கலான பொழுதில், எங்கிருந்தோ காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடை கூடத்துக்குள் மெல்லப் பரவ, அந்தக் கதவு ஒரு சின்ன உடம்பு தலையை நீட்டிப் பார்க்கும் அளவுக்கு விலகி நின்றது.

நேற்று ஜன்னல் திரை விலகியிருந்தது. அதற்கு முந்தின நாள் அப்பாவின் கட்டில். தொங்கிய போர்வையை யாரோ தூக்கி மெத்தைமேல் போட்டிருந்தார்கள்.

எல்லாம் அன்றைக்கு அவர்கள் ஒளிந்துகொண்ட இடங்கள்.

சின்னவன் காய்ச்சலில் இறந்துபோன அன்று அப்பா அவளைத்தான் கேட்டார். "அவனுக்குப் பிடிச்ச மாதிரி அனுப்பி வைப்போம். என்ன செய்யலாம், நீயே சொல்லு." அவள் யோசிக்கவே இல்லை. கண்ணாமூச்சியில் அவன் எப்போதும் ஒப்புக்குச் சப்பாணி. பொடிப் பயல் என்று யாரும் அவனைத் தேட விட்டதில்லை. ஒரே ஒரு தடவை நான் தேடுறேன்க்கா என்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிவான், பாவம்.

"அவன் தேடட்டும்ப்பா. நாம எல்லாரும் ஒளிஞ்சுக்கலாம்."

அப்படியே செய்தார்கள். கூடத்தில் அவனைக் கிடத்திய பெட்டியை வைத்து, அவன் காதருகில் குனிந்து அவளே எண்ணி முடித்து, ஓடிப்போய் அலமாரிக்குள் புகுந்தாள். அப்பா கட்டிலுக்கடியில் பாதிதான் நுழைந்தார். திரைக்குப் பின்னாலிருந்து அத்தை, "தொப்பையை வெளிய விட்டுட்டு ஒளியிறியேடா, பிள்ளை உன்னையத்தான் முதல்ல பிடிப்பான்" என்றாள். அழுகையோடு அழுகையாக எல்லோரும் சிரித்தார்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாகூட.

அதற்குள் வண்டிக்காரர் வந்து நேரமாச்சு என்றார். அவசர அவசரமாகப் பெட்டியை மூடித் தூக்கினார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வீட்டு ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பிடிபட்டவர் தேடுகிறவன் கட்சி. அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டு, மிச்சப் பேரைத் தேட வேண்டும்.

பெரியவள் கூடத்தின் நடுவில் நின்றாள்.

"தம்பி, ஆட்டம் முடிஞ்சுது. நீதான் ஜெயிச்சே. போய்த் தூங்குடா கண்ணு."

பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏண்டி முடிக்கிறே?" அம்மாவின் குரலில் கோபமே இல்லை. "என்னைய இன்னும் அவன் பார்க்கலியே."

"பிடிபட்டா அவன் கட்சிம்மா."

"தெரியும்."

"அப்ப நான்?"

ஈரக் காலடிகள் சமையலறையிலிருந்து நடையைக் கடந்து போவதும், குளியலறைக் கதவு முனகுவதும் கேட்டன. பிறகு அம்மா பேசினாள். பால் கொடுக்கும்போது பேசுவாளே, அந்தக் குரலில்.

"இங்க இருக்கேன் ராசா. இந்தப் பக்கம் வா."

பெரியவள் ஓடினாள். நடை இருட்டியிருந்தது. மருந்து வாடை முகத்தில் அப்பியது. அவள் இடுப்பை உரசிக்கொண்டு எதுவோ முந்திப் போனது. குட்டையாக. குளிர்ச்சியாக. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி.

"அம்மா, வெளிய வந்துரும்மா. எனக்கு நீ வேணும்மா."

கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. நிம்மதியான பெருமூச்சு.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு, "ஒண்ணு."

அம்மாதான்.

"ரெண்டு."

கதவைத் தள்ளினாள். அம்மா சுவரைப் பார்த்து, ஆட்டத்தில் நிற்கிற மாதிரியே குனிந்து நின்றிருந்தாள். நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை சொட்டும் அவளுடைய இரண்டு கைகளும் பக்கத்தில் சும்மா தொங்கின.

அவள் கண்களைப் பொத்தியிருந்தவை சின்னக் கைகள்.