கடைசி நல்ல எண்

கம்பியை அவளே கழற்றியிருந்தாள். இருந்தும் எண் அசைந்தது.

தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அனுப்புவதை எண்ணாக்கித் திரைக்குத் தரும் சிக்னல் கண்டிஷனர் அது. சீட்டுக்கட்டு அளவே இருக்கும். அதன் முகத்தில் கீபேடைச் செருகியதும் 20.9 என்று வந்தது, வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சதவீதம். அதுவரைக்கும் சரி. சென்சார் இணைப்பு அறுந்தால் கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று அதற்குச் சொல்லிவைத்தவளே அவள்தான். ஆனால் அப்படிப் பிடித்துவைத்த எண் அசையாது. இதுவோ 20.8 ஆகி, மறுபடி 20.9 ஆகி, தூங்குகிறவரின் மார்பைப் போல மெல்ல ஏறி இறங்கியது.

அந்தக் கம்பி வெகுநாளாகத் தளர்ந்திருந்தது. பம்பு ஓடும்போதெல்லாம் அதிர்ந்து அலாரத்தை ஊளையிட வைக்கும். "உன் பொட்டி என்ன கைக்குழந்தையா? எப்பப் பாரு அழுவுது. ஏதாவது செய்யேன்" என்று அத்தான்தான் சிரித்தார். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்ட அக்கா புருஷன். தொட்டிமேல் ஏறிக் கம்பியை முறுக்கச் சோம்பல்பட்டு, அவள் கீபேடில் ஒரு விசையை அழுத்தி அலாரத்தின் வாயை அடைத்தாள். போன வாரம் தொட்டியைக் கழுவப் போன அத்தான் திரையைப் பார்த்தார். 20.9. இறங்கினார். உயிரோடு ஏறவில்லை.

பார்க்காமலே இறங்கிவிட்டார் என்று மேலாளர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஆய்வாளர்கள் மதியத்துக்குமேல் வருவார்கள். அதற்குள் அலாரத்தைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். கணினி மென்பொருளில் மாற்றினால் யார், எப்போது என்று பதிவாகிவிடும். கீபேடில் மாற்றினால் தடமே இருக்காது.

அத்தானின் துணிப்பையை வாங்கிப் போக வந்த அக்கா, வாசலோர நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அதே பேச்சு.

"பாக்காம இறங்குற ஆளாடி அவரு? குளிக்கிற தண்ணியவே விரல விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துவாரு. நீயே சொல்லு."

அவள் திரும்பவில்லை. "அவசரத்துல மறந்திருப்பாருக்கா."

சொன்ன வாய் கசந்தது. கசப்போடு விசையை அழுத்தினாள். இணைப்பு அறுந்தால், அலாரம். சேமி.

கம்பி கழன்றுதான் கிடந்தது, அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. எண் இறங்கத் தொடங்கியது. 19. 18. சுவர் மின்விசிறியின் காற்றில், எங்கிருந்தோ, ஈர இரும்பின் வாடை வந்தது. அத்தானைத் தூக்கிவந்தபோது அவர் சட்டையில் இருந்த அதே வாடை.

"என்னடி இப்படிப் புழுங்குது" என்றாள் அக்கா. "சன்னலைத் தொறயேன்."

சன்னல் திறந்தே இருந்தது. அவளுக்கு மூச்சு சாதாரணமாக வந்தது.

முதுகுக்குப் பின்னால் அக்கா மூச்சை இழுத்தாள். எண் இறங்கியது. இன்னொரு இழுப்பு. இன்னும் இறங்கியது. துணிப்பை தரையில் விழும் சத்தம். 13. இழுப்பில் இப்போது ஒரு சீழ்க்கை. 11.

அக்காவின் காற்று.

கீபேடைப் பிடுங்கினாள். வரவில்லை. சொல்லிவிடலாம், நான்தான் என்று. நாக்கு எழவில்லை. 10. விரல்தான் எழுந்தது. பழைய விசை. பிடித்துவை. சேமி.

எண் நின்றது.

சீழ்க்கையும் நின்றது.

திரும்பினாள். அக்கா நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தாள். ஒரு கை அவளை நோக்கி நீண்டிருந்தது. அடுத்த மூச்சுக்காக வாய் திறந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, புடவைத் தலைப்பு மட்டும் எழும்பிய இடத்திலேயே நின்றது. தாடை விளிம்பில் ஒரு கண்ணீர்த்துளி விழாமல் தொங்கியது.

"அக்கா."

கண்கள் மட்டும் நகர்ந்து அவளைப் பார்த்தன. பிறகு, மெதுவாக, கீபேடைப் பார்த்தன.

படிக்கட்டில் ஆய்வாளர்களின் பேச்சுக்குரல் கேட்டது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. 9.4. அசையவில்லை.