ஒரு மயிரிழை இடைவெளி

செவ்வாய்க் கிரகத்தில் பொழுது விடிந்ததும் முதலில் பேசுவது குளியலறைக் கண்ணாடிதான். வாயைத் திறந்து காட்டினால் போதும், தூக்கத்தில் பல்லை எவ்வளவு கடித்தோம் என்று சொல்லிவிடும்.

"மாதங்கி, உங்கள் வலது கீழ்க் கடைவாய்ப்பல் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. யாரையாவது நினைத்துக்கொண்டே தூங்கினீர்களா?"

"உன் வேலையைப் பாரு" என்று நகர்ந்தாள் மாதங்கி.

அடுத்து வந்து நின்றாள் அவளுடைய அறைத்தோழி ஜெபமலர். "தேய்மானம் சிறிதும் இல்லை. அழகாகத் தூங்கியிருக்கிறீர்கள்" என்றது கண்ணாடி. தினமும் இதே பாட்டுதான். கண்ணாடிகூட அவள் பக்கம் சாய்கிறதே என்று மாதங்கிக்கு வயிறு பற்றி எரிந்தது.

பல் சொத்தை ஒழிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பிறந்த குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு மருந்து, அதோடு சரி. ஆனாலும் பல் மருத்துவர்கள் பட்டினி கிடக்கவில்லை. மனிதர்கள் பல்லைக் கடிப்பதை நிறுத்தினால்தானே? எதிர்வீட்டுக் குவிமாடம் நம்முடையதைவிட உயரம், சம்பந்தி மகனுக்குப் பூமியில் வேலை என்று கடிப்பதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. தேய்ந்த பற்களுக்கு உறை போட்டே மாதங்கி படித்த பல் மருத்துவக் கல்லூரி செழித்தது.

உறையைச் செய்வது பல்வனைவி என்ற இயந்திரம். மருத்துவர் வாய்க்குள் ஒளிக்கோலை ஓட்டி மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் படமாக்குவார். பிறகு கடிக்கச் சொல்லி, இரண்டு வரிசையும் எப்படிச் சேர்கின்றன என்று பதிவார். அந்தக் கடிப்பதிவை வைத்துப் பல்வனைவி உறைக்கு உயரம் கணித்து, பீங்கானைக் கடைந்து கையில் கொடுத்துவிடும்.

படிப்பு முடிந்தால் இரண்டே வழி. ஒன்று, பல்வனைவிக்குப் புதுப்புது வடிவங்களைக் கற்றுக்கொடுக்கும் வடிவமைப்புத் துறை. மெத்தை நாற்காலி, சன்னலுக்கு வெளியே பொட்டு மாதிரி பூமி. இன்னொன்று, சுரங்கக் குடியிருப்பில் நாள் முழுக்கத் தொழிலாளர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பது. வடிவமைப்பில் இந்த ஆண்டு ஒரே ஓர் இடம்தான். மாதங்கியின் அம்மாவோ, அது மகளுக்குக் கிடைத்தே விட்டதாக ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

போட்டிக்கு மிஞ்சியவள் ஜெபமலர் மட்டும். மாதங்கி கண் எரிய எரியப் படித்ததை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். அதைத்தான் மாதங்கியால் பொறுக்க முடியவில்லை.

இறுதித் தேர்வுக்கு வெளியிலிருந்து நோயாளிகள் வருவதில்லை. அறைத்தோழிகளே ஒருவர் வாயில் ஒருவர் உறை போட வேண்டும் என்பது கல்லூரியின் பழைய வழக்கம். ஜெபமலருக்குச் சின்ன வயதில் விழுந்து உடைந்த கடைவாய்ப்பல் ஒன்று இருந்தது. மாதங்கிக்குத் தேய்ந்த பல்.

முதலில் மாதங்கி ஒளிக்கோலைப் பிடித்தாள். "நல்லா முழுசா கடிடி."

ஜெபமலர் கடித்தாள். அடுத்து மாதங்கி நாற்காலியில் சாய்ந்தாள்.

"பயமா இருக்குடி, உன் கை மாதிரி என் கை நிக்காது. எங்க, கடி பாப்போம்" என்றாள் ஜெபமலர்.

மாதங்கி கடித்தாள், ஆனால் முழுதாகக் கடிக்கவில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு மயிரிழை விட்டு நிறுத்திக்கொண்டாள். உதடு மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த மயிரிழை அளவுக்கு உறை உயர்ந்துவிடும், அப்புறம் ஜெபமலர் சுரங்கத்துக்குப் போய்ப் பாடட்டும். மாதங்கிக்கு மனம் குளிர்ந்தது.

உறைகள் வந்தன, பொருத்தினார்கள். பேராசிரியர் உமையாள் நீலத்தாளோடு வந்தார். தாளை நடுவில் வைத்துக் கடித்தால், பல் சேரும் இடத்தில் நீலம் ஒட்டும். மாதங்கி கடித்தாள். நீலம் ஒட்ட வேண்டிய இடத்தில் அச்சாக ஒட்டியது.

"பிரமாதம் ஜெபமலர்" என்றார் உமையாள்.

மாதங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாக்கால் தடவினாள். உறை கொஞ்சம்கூட உயரவில்லை.

ஜெபமலர் கடித்தபோது தாள் ஒரு கறையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"உறை குள்ளமா இருக்கேம்மா. எதிர்ப்பல்லைத் தொடவே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார் உமையாள்.

"இருக்காது மேடம்! நான் சரியாத்தான் பதிஞ்சேன். மிஷின்தான் தப்பு!"

உமையாள் பல்வனைவியிடமே கேட்டார். அது அடக்கமாகச் சொன்னது: "தவறு எதுவும் இல்லை. இருபத்தோராம் நூற்றாண்டுக் கல்லூரிகளிலிருந்து இன்றுவரை சேர்ந்த தேர்வுப் பதிவுகள் அத்தனையும் என்னிடம் உள்ளன. போட்டியாளருக்காகக் கடிக்கும்போது மாணவர்கள் எப்போதும் ஒரு மயிரிழை விட்டே கடிக்கிறார்கள். ஆகவே தேர்வுகளில் அதைக் கழித்துவிட்டுத்தான் உறை கடைகிறேன். முழுதாகக் கடித்தவர் என் பதிவில் ஒருவர்கூட இல்லை."

"அதான் மேடம்!" என்று துள்ளி எழுந்தாள் மாதங்கி. "இவ முழுசா கடிச்சிருக்கா! அதனாலதான் என் உறை குறைஞ்சு போச்சு!"

"சரி, உன் வாயில மட்டும் எப்படிச் சரியா உக்காந்துச்சு?" என்றார் உமையாள்.

மாதங்கி எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தாள். உமையாளும் அதற்குமேல் துருவவில்லை. அவரும் இதே கல்லூரியில் தேர்வெழுதித் தேறியவர்தான்.

"முழுசா கடிக்கத்தானே சொன்னே, மாதங்கி?" என்று ஒன்றும் புரியாமல் கேட்டாள் ஜெபமலர்.

வடிவமைப்பு இடம் ஜெபமலருக்குப் போனது. அவளுக்காவது அது கிடைக்கட்டும் என்று நினைக்க மாதங்கி முயன்றாள். மனம் வரவில்லை. முழுதாகக் கடித்தே தன்னைக் கவிழ்த்துவிட்டாளே என்று இன்னும் அதிகமாக எரிந்தது.

மறுநாள் காலை கண்ணாடி அவள் வாயை வெகுநேரம் பார்த்தது. பின்னால் ஜெபமலர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"மாதங்கி, நேற்றிரவு இதுவரை இல்லாத அளவுக்குக் கடித்திருக்கிறீர்கள். எல்லாப் பல்லும் தேய்ந்திருக்கிறது, அந்தப் புது உறையைத் தவிர. அருமையான வேலை. செய்தவர் யார் என்று சொல்லுங்கள், மற்ற பற்களையும் அவரிடமே காட்டிவிடலாம்."