உள்தாழ்ப்பாள்

செல்லூரில் அந்த வீட்டுக்கு நாங்கள் போனபோது காலை பதினொரு மணி. நல்ல வெயில். சந்து முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுக்காரர் ஹரிஷ்குமாருக்கு நான்தான் வக்கீல். வீட்டைத் திறந்து எங்களிடம் ஒப்படைக்க கோர்ட் அமீனா சோணை வந்திருந்தார். இருபது வருஷமாக வாடகை வழக்கு நடத்துகிறவனுக்கு இதெல்லாம் பல் துலக்குகிற மாதிரி.

அங்கே குடியிருந்த ரங்கநாயகி அம்மா இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தனிக்கட்டை. வீட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த நாட்களில்தான் சம்மன் மூன்று தடவை வந்து, 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பியது. கடைசியில் கதவிலேயே ஒட்டினோம். ஒட்டிவிட்டால் கையில் கொடுத்த கணக்குத்தான். அவர் வராமலே தீர்ப்பு வாங்கினேன். 'அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார், அங்கே யாரும் இல்லை' என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

கதவில் ஒட்டியதை யாரோ சொல்லியிருக்க வேண்டும், தீர்ப்புக்கு முன்னால் வார்டிலிருந்து ஒரு தடவை எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நான் வீட்ட விட்டுப் போகலப்பா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். கோர்ட்டுல சொல்லிருங்க."

"சரிம்மா" என்றேன்.

சொல்லவில்லை. அதற்காக ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதா என்றால் அதுவும் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

சோணை பூட்டை உடைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், உள்ள தாப்பா போட்டிருக்கு."

அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

கரண்ட் போயிருக்க வேண்டும். சந்தில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் அது கேட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள், வலுவில்லாத கை இழுப்பதுபோல, விட்டு விட்டு நகர்ந்தது.

கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

மூடிக் கிடந்த வீட்டின் புழுக்க வாடை இல்லை. டெட்டால் வாடை அடித்தது. வெளிக்கதவில் நாங்கள் ஒட்டிய சம்மன் கட்டில் மேல் விரித்துக் கிடந்தது. அதன் அடியில் நடுங்கிய எழுத்தில் இரண்டு வரி.

'பெற்றுக்கொண்டேன். வீட்டில்தான் இருக்கிறேன். ரங்கநாயகி.'

தேதி, அன்றைய தேதி. தொட்டுப் பார்த்தேன். மை விரலில் ஒட்டியது.

சோணை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் எதையும் பாக்கல சார். ஆளில்லாத வீடுன்னு கையெழுத்தப் போடுங்க. போயிருவோம்."

போட்டேன். சம்மனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஹரிஷ்குமார் புதுப் பூட்டைப் போட்டார். மதியம் இன்னொரு வழக்கு இருந்தது, போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஹரிஷ்குமார் கூப்பிட்டார்.

"அண்ணே, புதுசா ஒருத்தருக்கு வீட்டக் காட்டலாம்னு வந்தேன். பூட்டத் திறந்துட்டேன். ஆனா உள்ள மறுபடியும் தாப்பா கிடக்கு. கேஸ் போட்டுருவமாண்ணே?"

"யார் மேல?" என்றேன்.

அங்கே யாரும் இல்லை என்று எழுதியவன் நான். கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இல்லாதவரைக் காலி செய்ய நான் படித்த சட்டத்தில் வழியில்லை.

ஹரிஷ்குமாரின் குரல் தாழ்ந்தது. "உள்ள பேச்சுக் குரல் கேக்குதுண்ணே. போனக் கதவுகிட்ட வைக்கிறேன். நீங்களே கேளுங்க."

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, ரொம்பப் பக்கத்தில்:

"தம்பி, நான் வீட்லதான் இருக்கேன். கோர்ட்டுல சொல்லிருங்க."

"சரிம்மா" என்றேன்.