வரிசையில் ஏழாவது

திரையில் ‘காத்திருப்போர்: 6’ என்று இருந்தது.

இஃபத் துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தாள். ஆறு அப்படியே இருந்தது.

சிரிப்புதான் வந்தது. வெளியிலிருந்து ஒரு அழைப்புகூட இந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் வர வழியில்லை. லைன் கொடுக்கவேண்டிய ஆள் நாளைக் காலைதான் வருகிறார். கட்டடத்துக்கான நாற்பது போன்களில் முப்பத்தொன்பது இன்னும் அட்டைப்பெட்டிக்குள். நாற்பதாவது அவள் மேஜைமேல். அப்புறம் யார் இந்த ஆறு பேர்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் அது ஒரு மருந்துக் கிடங்கு. பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளை வைத்து ஒரு கம்ப்யூட்டரிலேயே புது எக்ஸ்சேஞ்ச் கட்டிக்கொடுப்பது இஃபத்தின் தொழில். ஆபீஸ் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அதற்குத் தோதான நாள். சர்வருக்கென்று அவர்கள் ஒதுக்கியிருந்தது ஒரு பழைய குளிர் அறை. ஜன்னல் கிடையாது. அரையடி கனத்துக்குத் தெர்மாகோல் அடைத்த தகரச் சுவர்கள். செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. ஏசியின் உறுமல், அதற்கு அடியில் சர்வரின் காற்றாடி இரைச்சல், எப்போதோ இங்கே அடுக்கிவைத்திருந்த டானிக் பாட்டில்களின் தித்திப்பான வாடை, இவற்றுக்கு நடுவில் மதியம் இரண்டு மணி என்பதையே கைக்கடிகாரம் சொல்லித்தான் நம்ப வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் வேலுசாமி கொஞ்சம் முன்னால்தான் தலையை நீட்டிவிட்டுப் போயிருந்தார்.

“பாப்பா, ஊட்ல இன்னிக்கு தலக்கறி. கொரட்டூர் வரிக்கும் போயி துன்னுட்டு ஓடியாந்துர்றேன். கேட்ட பூட்டிகினு போட்டா?”

“எவ்ளோ நேரம் ஆவும்ணே?”

“துன்ற நேரம்தான். நீ இன்னா, இந்தப் பொட்டிய வுட்டுட்டு எங்க ஓடிடப்போற?”

அவருக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. காலையில் அவளே மாட்டிய காந்தப் பூட்டு. வெளியே கேமரா வைத்த அழைப்பு மணி. உள்ளே மேஜை போனில் ஒன்பதை அழுத்தினால் பூட்டு விடும். மூன்று தடவை சோதித்தாள், மூன்று தடவையும் சமர்த்தாகத் திறந்தது. உள்பக்கம் வைக்கவேண்டிய அவசரப் பொத்தான் மட்டும் நாளைக்குத்தான் வரும்.

வேலுசாமி போனதும், இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனத்தை அவளும் செய்தாள். புதிதாக எழுதாமல், பழைய வாடிக்கையாளர் ஒருவரின் செட்டிங்ஸ் ஃபைலை எடுத்து, கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினாள்.

உடனே வந்தது அந்த ஆறு.

எந்த வாடிக்கையாளர்? ஃபைலை மறுபடி திறந்து பார்த்தாள். சேக்காடு, மணவாளன், ஆம்புலன்ஸ் சர்வீஸ்.

போன கார்த்திகை மழையில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். மணவாளனின் கண்ட்ரோல் ரூமுக்கு அன்று ஒருவரும் வந்துசேரவில்லை. இரண்டு நிமிஷம் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு டிரைவரின் செல்லுக்குத் தாவவேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தைக் குறிக்கவேண்டிய கட்டத்தில் இஃபத் பூஜ்யத்தை விட்டுவைத்திருந்தாள். பூஜ்யம் என்றால் கெடு இல்லை. எத்தனை நேரமானாலும் அழைப்பு வரிசையிலேயே நிற்கும்.

“ஆறு கால் வந்துருக்கும்மா,” என்றார் மணவாளன் மறுநாள். “ஒருத்தரும் கட் பண்ணல. சார்ஜ் தீர்ற வரைக்கும் லைன்லயே இருந்துருக்காங்க. இப்ப அந்த ஆறு பேர்ல ஒருத்தரும் உயிரோட இல்லம்மா.”

“மழையில லைன் போயிருக்கும் சார்.”

அவர் நம்பினார். கம்பெனியை இழுத்து மூடினார். புருஷன் அஸ்கரிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

ஃபைலை அழித்துவிடலாம். அதற்கு முன் கொஞ்சம் வெளிக்காற்று வேண்டும்போல் இருந்தது. ரிசீவரை எடுத்து ஒன்பதை அழுத்தினாள்.

கதவு அசையவில்லை. பெரிய திரையில் ஆறு, ஏழாயிற்று. காதில் ஒரு பெண் குரல் குழைந்தது.

“வணக்கம். வரிசையில் நீங்கள், ஏழாவது. தயவுசெய்து காத்திருக்கவும்.”

அவளுடைய குரல்தான். பூந்தமல்லி வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, எதிரொலி விழாமல் இருக்க பீரோவுக்குள் தலையை விட்டு, புன்னகையோடு பேசினால் குரல் இனிக்கும் என்று புன்னகைத்தபடி மணவாளனுக்காகப் பதிவு செய்தது.

ரிசீவரை வைத்தாள். குரல் நிற்கவில்லை, போனின் ஸ்பீக்கருக்கு மாறிக்கொண்டது.

மேற்பார்வையாளர்கள் அழைப்புகளை ஒட்டுக்கேட்க ஒரு வசதி உண்டு. வரிசையின் முதல் அழைப்பைத் தேர்ந்தெடுத்தாள். மழை இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், கத்திக் கத்தி உடைந்துபோன குரல்.

“யம்மா, இன்னும் எவ்ளோ நேரந்தான் காத்துகினு கீறது? எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குதும்மா. நீ பாட்டுக்கு சிரிச்சிகினே பேசிகினு கீற.”

எதிர்முனையில் ஏதோ சொடுக்கியது. மழை நின்றது. அதே ஆள், இப்போது நிம்மதியாக, ஏறக்குறைய அன்பாக, “அப்பாடா, எட்த்துட்டாங்க,” என்றார்.

திரையில் ஏழு, ஆறாயிற்று.

“வரிசையில் நீங்கள், ஆறாவது.”

யார் எடுத்தார்கள்? இந்த எக்ஸ்சேஞ்சில் உயிரோடு இருப்பவை இரண்டே கருவிகள். ஒன்று இந்த மேஜை போன். இன்னொன்று கதவுக்கு வெளியே இருக்கும் அழைப்பு மணி. போனின் சின்னத் திரையில் வெளி வராந்தாவின் படம் தானாக விரிந்தது.

ஒரு ஆள் நின்றிருந்தார். கைலி தொடையோடு ஒட்டியிருந்தது. கையில் அணைந்துபோன செல்போன், காதோடு சேர்த்துப் பிடித்தபடி. தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் வராந்தாவில் வட்டமாகத் தேங்கிக்கொண்டிருந்தது.

வெளியே நல்ல வெயில்.

இஃபத் ஓடிப்போய்க் கதவை அறைந்தாள். தகரமும் தெர்மாகோலும் சத்தத்தை விழுங்கின. தோளால் இடித்தாள். இம்மி நகரவில்லை. காந்தத்தின் மின்சாரம் கதவுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பிடுங்க ஒரு வயர்கூட இல்லை. வேலுசாமி வந்துவிடுவார். கறிச்சோறு தின்ற மனிதர் ஒரு குட்டித் தூக்கம் போடாமல் வருவாரா?

“வரிசையில் நீங்கள், ஐந்தாவது.”

வராந்தாவில் இரண்டு பேர்.

சர்வரின் வயரைப் பிடுங்கினாள். காற்றாடிகள் மூச்சை விட்டு அடங்கின. பெரிய திரை கறுத்தது. போனின் வயரையும் பிடுங்கினாள். மின்சாரமும் அதே வயரில்தான் வருகிறது. அது போனால் போன் செத்தாக வேண்டும்.

“வரிசையில் நீங்கள், நான்காவது.”

மூன்று பேர். மூன்றாவது ஆள் ஒரு கிழவர், ஒரு கால் செருப்பு மட்டும்.

அவள் போனைத் தூக்கித் தரையில் அடித்தாள். பிளாஸ்டிக் தெறித்தது. திரையில் விரிசல் விழுந்தது. விரிசலின் இரண்டு பக்கமும் அவர்கள் நின்றார்கள்.

“மூன்றாவது.”

பூஜ்யத்தை மாற்றலாம். சர்வரை மறுபடி போட்டு, அந்தக் கட்டத்தில் நூற்றிருபது விநாடி என்று போட்டால்? வயரைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். சர்வர் எழவில்லை. மறுபடி அழுத்தினாள்.

“இரண்டாவது.”

ஐந்து பேர். மருந்து வாடை போய்விட்டிருந்தது. அறை முழுக்கச் சேறு நாற்றம்.

“நான்தான்,” என்றாள் இஃபத், உடைந்த போனிடம். அவளுக்கே கேட்காத குரலில். “லைன் போகல. நான்தான் தப்பா போட்டேன். பூஜ்யம் போட்டது நான்தான். மன்னிச்சிருங்க. கதவத் தொறந்துவிடுங்க.”

ஐந்து பேரும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்கள்.

“வரிசையில் நீங்கள், முதலாவது.”

ஆறாவதாக ஒரு பெண் வந்தாள். ஈரப் புடவை. இடுப்பில் ஒரு குழந்தை, கழுத்து நிற்காமல். அவள் வந்ததும் மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், ரேஷன் கடையில் கைக்குழந்தைக்காரிக்கு விடுவதுபோல.

பூட்டில் ஒரு சொடுக்கு.

காந்தம் விட்டுவிட்டது. இஃபத்துக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். கதவு வெளிப்பக்கம் திறப்பது. தள்ளினாள். ஒரு விரல் அகலம் நகர்ந்தது. வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

தொப்.

கோடு மறைந்தது.

திரும்பித் திரையைப் பார்த்தாள். கைலிக்காரரைக் காணவில்லை. கிழவர் கேமராவுக்குக் கிட்டே வந்தார், முதுகைத் திருப்பினார், மெல்லச் சரிந்து படத்துக்குக் கீழே இறங்கினார். நெடுநேரம் நின்று கால் கடுத்தவர் உட்காருவதுபோல.

தொப்.

கதவில் சாய்ந்து உட்காருகிறார்கள்.

மூன்று. தள்ளினாள். நான்கு. காலை ஊன்றித் தள்ளினாள். ஐந்து. கதவு இப்போது சுவர்.

கடைசியாக அந்தப் பெண். முகம் திரை முழுக்க வந்தது. கோபம் இல்லை அதில். அலுப்பு மட்டும். குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். திரும்பினாள். ஈரக் கூந்தல் கேமராவை மூடி, வழுக்கி, கீழே போனது.

திரையில் காலி வராந்தா. வெயில்.

கதவின் அடியில், தரைக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த சின்ன இடைவெளி வழியாகச் சேற்றுத் தண்ணீர் கசிந்து வந்தது. அதன் பின்னால் புடவையின் ஓரம். அதைப் பிடித்தபடி, குழந்தையின் ஐந்து விரல்கள்.