சாக்கு முயல் தானே ஓடியது

விடிந்து வெகுநேரம் ஆகியும் ரப்பர் விளைக்குள் வெளிச்சம் வரவில்லை. விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தோட்டமெங்கும் மரங்களுக்கிடையே வெள்ளையாகப் பனிமூட்டம். பாலுக்காகப் பட்டையை வெட்டும் இடம் நனையாமலிருக்க, ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் கறுப்பு பிளாஸ்டிக் கட்டியிருந்தார்கள். பார்ப்பதற்கு, கறுப்புப் பாவாடை கட்டிய யாரோ வரிசையாக நிற்பதுபோல இருந்தது.

அஜிஷா தன் நாயை இறுக அணைத்துக்கொண்டாள். அதன் பெயர் பவுடர். உடம்பு முழுக்க வெள்ளை. மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பெயர் பொருந்தாது.

"எட்டி, பேடிச்சிட்டியா?" என்றான் பக்கத்து வீட்டு ஜிதின். "மழை விட்டா இந்த விளையில ஒருத்தன் நடப்பானாம். ஆளைக் காண முடியாது. சருகுச் சத்தம் மட்டும் கேக்குமாம். பால் வெட்டுற பொன்னப்பன் மாமா சொன்னாரு."

"பொன்னப்பன் மாமா பூனையைக் கண்டாலே ஓடுவாரு" என்றாள் அஜிஷா. ஆனாலும் பவுடரை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஜிதின் டயர் இல்லாத பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். பெடலைச் சுற்றினால் பின்சக்கரத்தில் கயிறு சுற்றும். அந்தக் கயிறு விளையின் மறுகோடி வரை போய், அங்கே விழுந்து கிடக்கும் பலாமரத்தில் கட்டிய கப்பி வழியாகத் திரும்பி வரும். கயிற்றின் நுனியில் சாக்கில் தைத்த முயல். அதன் கண்கள் இரண்டு சட்டைப் பொத்தான்கள். பெடலைச் சுற்றினால் முயல் கப்பியை நோக்கிப் பாயும். பவுடர் அதன் பின்னால் பறக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் யார் கூப்பிட்டாலும் அதற்குக் காது கேட்காது.

பங்குனி மாதத்தில் ஒருநாள் ஜிதின் உச்சிவெயிலில் ஓடவிட்டான். பவுடருக்கு மூச்சு இரைத்தது, நாக்கு கருஞ்சிவப்பானது, கால்கள் மடங்கி விழுந்தது. அஜிஷா அழுதுகொண்டே அதை நிழலுக்குத் தூக்கிப்போய், வயிற்றிலும் பாதங்களிலும் தண்ணீர் ஊற்றினாள்.

அன்று முதல் அவள் வைத்ததுதான் சட்டம். வெயில் ஏறினால் ஓட்டம் கிடையாது. ஒரு வேளைக்கு இரண்டு ஓட்டம் போதும். முடிந்ததும் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை டக் டக் என்று தட்டுவாள். பவுடர் ஓடி வரும். சிரட்டையில் தண்ணீரும், அவித்த மரச்சீனிக் கிழங்கில் ஒரு துண்டும் கிடைக்கும்.

"பட்டிக்கு விருந்து வைக்கியா?" என்று நாயைக் காட்டி ஜிதின் கேலி செய்வான்.

இன்றும் அவள் விடவில்லை. "நில்லு அண்ணா. மொதல்ல ஓடுற வழியைப் பாத்துட்டு வாறேன். வழுக்கும். அட்டையும் உண்டு."

"கோடையில ஓடின அதே வழிதானே! கப்பியும் அதே பலாமரத்துலயாக்கும். நாலு ஆள் சேந்தாலும் அது அசையாது." கோடையிலிருந்தே அங்கே கிடந்த நைலான் கயிற்றில் அவன் முயலை மட்டும் கட்டினான்.

அப்போது, சர்ர்ர்...

முயல் ஒரு முழம் நகர்ந்தது. நின்றது.

"அண்ணா, இப்ப சுத்தாத!"

"நான் சுத்தல்லயே" என்றான் ஜிதின். அவன் இரண்டு கைகளும் இடுப்பில் இருந்தன. சக்கரம் அசையவே இல்லை.

முயல் மெல்லப் புரண்டது. பொத்தான் கண்கள் அவர்களைப் பார்த்தன. பிறகு அது ஓடியது. யாரும் இழுக்காமல், தானாக, பனிக்குள்.

பவுடர் அஜிஷாவின் கையிலிருந்து துள்ளிப் பாய்ந்தது. அதுவும் மறைந்துவிட்டது.

ஜிதினின் முகம் வெளுத்தது. "அவன்தான்! வீட்டுக்கு ஓடிருவோம், வா!"

அஜிஷாவின் கால்களும் வீட்டுப் பக்கம்தான் திரும்பின. ஆனால் பவுடர் தனியாகப் போயிருக்கிறதே. "ஏசப்பா, கூட வாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் பனிக்குள் ஓடினாள்.

இருபுறமும் கறுப்புப் பாவாடைகள் படபடத்தன. முன்னால், நிறையப் பேர் கூடி ரகசியம் பேசுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கிட்டப் போகப் போக அது பெரிதானது.

தண்ணீர்!

அஜிஷாவுக்குப் புரிந்துவிட்டது. பலாமரம் கிடந்தது ஓடையின் நடுவில். கோடையில் அங்கே வெறும் மணல்தான். இப்போது ஓடை பெருகி மரத்தைத் தூக்கிவிட்டது. மிதந்து போகிற மரம் கப்பியை இழுக்கிறது, கப்பி கயிற்றை இழுக்கிறது, கயிறு முயலை இழுக்கிறது. பவுடர் முயலைக் கடித்தால் விடாது. அதோடு சேர்ந்து ஓடைக்குள் போய்விடும்!

"பவுடர்! பவுடர்!"

சருகுச் சத்தம் நிற்கவில்லை.

பக்கத்து மரங்களில் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அஜிஷா இரண்டைப் பிடுங்கினாள்.

டக் டக். டக் டக்.

சருகுச் சத்தம் நின்றது. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு தூரத்தில் 'தொபுக்' என்று ஏதோ தண்ணீரில் விழுந்தது.

அஜிஷா தட்டுவதை நிறுத்தினாள். "பவுடர்?"

பனிக்குள்ளிருந்து ஏதோ மெல்ல நடந்து வந்தது. அது வெள்ளையாக இல்லை. கால் முதல் காது வரை சிவப்பு.

அந்தச் சிவப்பு உருவம் வாலை ஆட்டியது.

செம்மண்ணில் உருண்ட பவுடர்! அது நேராக வந்து உட்கார்ந்து, சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தது. கிழங்கு எங்கே?

"கையில இல்ல மக்கா" என்று அதைக் கட்டிக்கொண்டாள் அஜிஷா. "வீட்டுக்கு வா. ரெண்டு துண்டு தாறேன்."

அப்போது ஒரு குச்சியை ஓங்கிக்கொண்டு, கண்களை மூடியபடி ஜிதின் ஓடி வந்தான். "எலே, நீ யாரா இருந்தாலும் அவளை விட்டிரு!"

"கண்ணைத் திற அண்ணா. நாங்கதான்."

மூவரும் கரைக்குப் போனார்கள். கலங்கல் தண்ணீரில் பலாமரம் புரண்டு புரண்டு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால், அறுந்த கயிற்றோடு சாக்கு முயல் ஒருமுறை தலையைத் தூக்கியது, பிறகு மூழ்கியது.

ஜிதின் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டான். "நீ வழியைப் பாக்கணும்னு சொன்ன. நான் கேக்கல்ல" என்றான்.

அஜிஷா சிரட்டைகளைத் துடைத்து, எடுத்த மரங்களிலேயே திரும்ப வைத்தாள்.

அடுத்த வாரம் மேட்டு நிலத்தில் புதிய முயல் ஓடியது. கப்பியைக் கட்டுவதற்கு முன் ஜிதின் ஓர் அயனி மரத்தைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தான்.

"நிக்குற மரம் எப்படி மிதக்கும் அண்ணா?"

"பவுடருக்கு ஒரு சந்தேகம். எனக்கு இல்ல."

முதல் ஓட்டம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அஜிஷா சிரட்டையைத் தேடிக் குனிவதற்குள் டக் டக் என்று சத்தம் கேட்டது.

சைக்கிளுக்குப் பக்கத்தில் ஜிதின் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சிரட்டையில் தண்ணீர். இன்னொன்றில், காலையில் அவன் தின்னாமல் எடுத்துவைத்த கிழங்கு.

பவுடர் விருந்துக்கு ஓடியது.