பெரிய சி, சின்ன சி

மாலை 4.10. நகைப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே சிவப்பு வெல்வெட் துணி மட்டும் இருந்தது.

"சங்கிலி எங்க?" என்றார் சங்கத் தலைவர் ராஜரத்தினம்.

அவருடைய அடுத்த வசனம் மண்டபத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"கேட்டப் பூட்டு!"

போன வருடம் ஒரு குடை காணாமல் போனதற்கே மண்டபத்தைப் பூட்டி, வந்திருந்தவர்களின் பைகளையெல்லாம் கவிழ்த்துக் கொட்டியவர் அவர். குடை கடைசியில் அவருடைய காரிலேயே கிடந்தது. அதைப் பற்றி இன்றுவரை சங்கத்தில் யாரும் பேசுவதில்லை.

இந்த முறை காணாமல் போனது தங்கச் சங்கிலி. பன்வில தேயிலைத் தோட்டத்தின் முதல் விஞ்ஞானப் பட்டதாரி கிருஷாந்தியின் கழுத்தில் ஐந்து மணிக்குப் போட வேண்டியது.

வெளியே கண்டி மழை. ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த இராமநாதனுக்குத் தன்னை யாரோ டப்பாவில் போட்டு மூடிவிட்டது போலிருந்தது. ஓய்வுபெற்ற பிரதிப் பதிவாளர் அவர். பல்கலைக்கழகத்தில் முப்பது வருடமாகப் பட்டச் சான்றிதழ்களில் எந்த எழுத்து பெரிசு, எந்த எழுத்து சின்னது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். கலியாணத்தன்றே அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தியவர் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். இரண்டு பிழைகள் இருந்தன.

"சங்கிலி வச்சிருந்த அறைக்குள்ள போனது யாரு?" தலைவரின் குரல் உயர்ந்தது.

"நான்தாங்க போனேன்." கிருஷாந்தியின் தாய் சுப்பம்மா எழுந்து நின்றாள். "சேலை மாத்த."

"வேற யாரு?"

வேறு யாரும் கை தூக்கவில்லை. அந்த அறைக்குப் பூட்டே இல்லை. யாரும் போயிருக்கலாம். ஆனால் போனேன் என்று சொன்னது சுப்பம்மா மட்டும்தான். ஆகவே எல்லாக் கண்களும் அவள்மேல் போய் நின்றன.

"பொலிசுக்குச் சொல்லியாச்சு. ஸ்டேசன்ல வச்சு விசாரிக்கட்டும்," என்றார் தலைவர்.

"எங்கம்மாவையா?" கிருஷாந்தி எழுந்து தாயின் கையைப் பிடித்தாள். "இன்னைக்கா?"

"சும்மா இரு புள்ள," என்றாள் சுப்பம்மா. அவளுடைய மற்றக் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

'டவுன் ஆளுங்க நடுவுல எங்களுக்கு என்னங்க வேலை' என்று ஒதுங்கிய சுப்பம்மாவை வற்புறுத்திக் கூட்டி வந்தவர் இராமநாதன்தான். மகளின் பாராட்டு விழாவிலிருந்து தாய் ஜீப்பில் ஏறிப் போனால், அதற்கு வழி போட்டவரும் அவர்தான்.

அவர் எழுந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"தலைவர், பொலிஸ் வாவிக்கரை நெரிசல்ல நிக்கும். வர்ற வரைக்கும் நான் ரெண்டு கேள்வி கேக்கட்டுமா?"

"நீங்க என்ன துப்பறியிற ஆளா?"

"இல்ல. எழுத்துப் பிழை பாக்கிற ஆள். ரெண்டுக்கும் கண்ணுதானே வலிக்குது."

முதலில் அவர் கூப்பிட்டது அலங்காரம் செய்த றிப்தாவை. மேடைப் பின்திரையில் வெள்ளை ரிஜிஃபோம் நுரைப் பலகையில் எழுத்துகளை வெட்டி ஒட்டியவள்.

"நீ எங்கம்மா நின்ன?"

"ரெண்டு மணிக்கு ஏணில நின்டு உங்கட ஏச்சு வாங்கினேன் சேர். பொறகு தொழப் போனேன். வந்து பாத்தா இந்தக் கூத்து."

ஏச்சு நடந்தது உண்மை. மேடையில் கிருஷாந்தியின் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் 'பெச்சலர் ஒப் சயன்ஸ்', அதற்குக் கீழே 'கெமிஸ்ட்ரி பட்டதாரி'. கெமிஸ்ட்ரியின் முதல் எழுத்தைப் பெரிய சி-யாக ஒட்டியிருந்தாள் றிப்தா. இராமநாதன் கொதித்துப் போய், மண்டபத்தில் நின்ற அத்தனை பேரையும் கூப்பிட்டு வகுப்பே எடுத்தார். பட்டத்தின் முழுப் பெயருக்குப் பெரிய எழுத்து. படித்த பாடத்துக்குச் சின்ன எழுத்து. பாடம் ஒரு மொழியாக இருந்தால் மட்டும் பெரிய எழுத்து.

"அப்ப இவளத் தமிழ் படிக்க வச்சிருக்கலாம்," என்றாள் அப்போது அங்கே நின்ற சுப்பம்மா. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எம் மக படிச்ச படிப்புக்குப் பெரிய எழுத்துப் போட்டா என்னங்க கொறைஞ்சு போகும்?"

"விதி, அம்மா," என்று சொல்லி அவள் வாயை அடைத்தார் இராமநாதன். றிப்தா பெரிய சி-யைக் கழற்றி மிச்ச எழுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விரல் தடிப்பில் ஒரு சின்ன சி வெட்டி ஒட்டினாள்.

அடுத்தது பொருளாளர் ரமேஸ். கறுப்புக் கோட்டு, பளபளக்கும் சப்பாத்து.

"நீங்க?"

"ரெண்டு மணிக்கு நான் இங்கயே இல்ல சேர். நகைக்கடையில நின்னேன். மூணு மணிக்குக் கொண்டாந்து எல்லாருக்கும் காட்டினேனே. பொறகு சாப்பாட்டு அறையிலதான் இருந்தேன். மேடைப் பக்கமே போகல. விழா முடிய அலங்காரத்தக் கழட்டணும், அதையும் நானே பாத்துக்கிறேன்னு வேற சொல்லியிருக்கேன். எவ்வளவு வேலை!"

அவர் கோட்டில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. பொடுகு, என்று நினைத்தார் இராமநாதன். வழுக்கைத் தலையருக்குப் பொடுகைக் கண்டாலும் பொறாமைதான் வரும்.

மூன்று மணிக்குச் சங்கிலியைக் காட்டியபோது கிருஷாந்தி விளையாட்டாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. "அங்கிள், ஒரு சொட்டு அசிட் வச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்!" எல்லோரும் சிரித்தார்கள். ரமேஸ்தான் கடைசிவரை சிரித்தார்.

4.50. தலைவரின் ஆட்கள் பைகளைக் கொட்டினார்கள், கதிரைகளைக் கவிழ்த்தார்கள், மிச்ச எழுத்துப் பெட்டியையும் தலைகீழாக உலுக்கினார்கள். ஒன்றும் இல்லை. தூரத்தில் சைரன் கேட்டது. சுப்பம்மா மகளின் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

இராமநாதன் என்ன செய்வதென்று தெரியாமல் மேடையைப் பார்த்தார். கஷ்டம் வந்தால் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். அவர் எழுத்தைப் பார்ப்பார்.

கெமிஸ்ட்ரி. பெரிய சி.

முதலில் வந்தது கோபம். பிறகுதான் புத்தி வந்தது. அவர் திரும்பி ரமேஸின் கோட்டைப் பார்த்தார். வெள்ளைப் பொடி தோளில் இல்லை. கை மடிப்பில் இருந்தது. பொடுகு எந்தக் காலத்தில் மணிக்கட்டில் விழுந்தது?

"தலைவர், பொலிஸ் வரட்டும். ஆனா சுப்பம்மாவுக்காக இல்ல." அவர் மேடை ஏறினார். "ரெண்டு மணிக்கு இங்க நின்ன எல்லாருக்கும் தெரியும், இந்த எழுத்த மாத்தினா நான் மண்டபத்தையே ரெண்டாக்குவேன்னு. சுப்பம்மாவுக்கும் தெரியும். அவங்க யாரும் பெரிய சி-யத் திருப்பி ஒட்டத் துணிய மாட்டாங்க. என் பாடத்தத் தப்பவிட்ட ஒருத்தர்தான் ஒட்டுவார். நாம தமிழாளுங்க. நமக்கு அனா எங்க நின்னாலும் அதே அனா. சி-யும் அப்படித்தான்னு நெனைச்சிட்டார்."

"ஒரு எழுத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்றார் ரமேஸ்.

"சின்ன சி ஒல்லி, ரமேஸ். அதுக்குள்ள எதையும் ஒளிக்க முடியாது. பெட்டியில இருந்தா தலைவர் கவிழ்ப்பார். மேடையில இருந்தா யாரும் தொட மாட்டாங்க. விழா முடிய நீங்களே கழட்டிக்கலாம். எல்லாம் சரி. ஆனா மேடைப் பக்கமே போகாத ஆளோட கையில ரிஜிஃபோம் பொடி எப்படி வந்துச்சு?"

பெரிய சி-யைப் பிய்த்துத் திருப்பினார். முதுகில் குடைந்த பள்ளம். அதிலிருந்து சங்கிலி சறுக்கி விழுந்தது.

கிருஷாந்தி அதை எடுத்தாள். தாயின் சேலை ஊசியை வாங்கிக் கொக்கியைச் சுரண்டினாள். உள்ளே சிவந்தது.

"செம்பு, சேர். மேல முலாம்."

"தங்கத்துக்குக் குடுத்த காச நான் எடுத்துக்கிட்டேன். அசிட்னு சொன்னதும் பயந்துட்டேன்…" ரமேஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மா மேல பழி விழும்னு நெனைக்கல."

"விழுந்தப்போ பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?" என்றாள் கிருஷாந்தி.

கேட் திறந்தது. பொலிஸ் வந்து ரமேஸைக் கூட்டிப் போனது. ராஜரத்தினம் சுப்பம்மாவின் முன் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "அம்மா… போன வருஷம் அந்தக் குடை… என்னோட கார்லதான் இருந்துச்சு." அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

திரைக்குப் பின்னால் கிடந்த சின்ன சி-யை எடுத்துக்கொண்டு றிப்தா ஏணியில் ஏறினாள். "ஒட்டவா சேர்?"

இராமநாதன் சுப்பம்மாவைப் பார்த்தார். அவள் மேடையில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். பெரிசையே ஒட்டு."

"விதி சேர்?"

"அத நான் சமாளிச்சுக்கிறேன்."

முதுகு குடைந்த பெரிய சி மறுபடியும் மேடை ஏறியது. விழா தொடங்கியது. கண்ணை உறுத்துமே என்று இராமநாதன் கடைசி வரிசைக்குப் போனார். அங்கிருந்தும் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கைதட்டினார்.